விருந்து முடிந்த பிறகு: நிகழ்ச்சி ஏற்பாட்டுத் தொழிலும் இஜாரா சட்டமும்

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை மண்டபம் கிடைப்பது அரிது. பனியன் கம்பெனிகளுக்கு அன்றுதான் விடுமுறை. சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். சொந்தபந்தம் வர வேண்டுமென்றால் அந்த ஒரு நாள்தான் தோது. நிக்காஹ், வலீமா, பிற சமயச் சகோதரர்களின் முகூர்த்தம், கம்பெனி ஆண்டு விழா, ஏஜென்டுகள் சந்திப்பு என்று எல்லாமே அந்த நாளில் வந்து குவிகின்றன.

இவற்றை எடுத்து நடத்துவதற்கென்றே இன்று ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. முன்பு மாப்பிள்ளையின் தாய்மாமனும் முஹல்லா இளைஞர்களும் செய்த வேலையை இப்போது ‘ஈவென்ட்’காரர் செய்கிறார். மேடை, பூ அலங்காரம், விளக்கு, ஒலிபெருக்கி, சமையல், பரிமாறல், வரவேற்பு, வாகனம் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே தொகை பேசிவிடலாம். தொழிற்சாலைகளின் திறப்பு விழாவையும், திருப்பூர்–அவினாசி சாலையில் உள்ள இந்தியா நிட் ஃபேர் வளாகத்திலும் கோவை கொடிசியா வளாகத்திலும் நடக்கும் கண்காட்சிகளுக்கான அரங்க அமைப்பையும் எடுத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். 1920களில் குலாம் காதர் போன்றவர்கள் பின்னல் இயந்திரத்தைக் கொண்டுவந்து தொடங்கியதாகச் சொல்லப்படும் ஒரு தொழில், தன்னைச் சுற்றி எத்தனை தொழில்களை வளர்த்துவிட்டது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம். நம் பிள்ளைகள் கணிசமானோர் இதில் இருக்கிறார்கள். சிலர் முதலாளிகள். பலர் ஞாயிறு மட்டும் பரிமாறப் போகும் கல்லூரி மாணவர்கள், வார நாட்களில் தையல் மெஷினில் உட்காரும் தொழிலாளர்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் பளபளப்பான தொழில். உள்ளே அப்படியில்லை. மாலை ஏழு மணி வலீமாவுக்கு மேடைக்காரர்கள் முந்தைய இரவே வந்துவிடுவார்கள். சமையல் மாஸ்டர் காலையிலேயே அடுப்பு மூட்டியாக வேண்டும். பரிமாறும் பையன்கள் மதியம் மூன்று மணிக்கு ஆஜர். விருந்தினர் எட்டரைக்குத்தான் வரத் தொடங்குவார்கள். கடைசிப் பந்தி பதினொன்றுக்கு முடியும். பிறகு பாத்திரம் ஒதுக்கி, மேடை பிரித்து, நாற்காலி அடுக்கி, வேனில் ஏற்றி, அடுத்த மண்டபத்தில் இறக்கும்போது ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள். அந்த வேனை ஓட்டுபவரும் முந்தைய நாள் காலையிலிருந்து தூங்காதவராகத்தான் இருப்பார்.

ஒரு தையல்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ‘ஒன்றரை ஷிப்ட் பார்த்தேன்’ என்பார். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்பினார் என்று கேட்பவருக்கு உடனே புரியும். கூலியும் அந்தக் கணக்கில் வந்துவிடும். அவருக்கும் எத்தனையோ குறைகள் உண்டு. ஆனால் கணக்கு என்ற ஒன்று இருக்கிறது. மண்டபத்தில் பரிமாறுபவருக்கு அதுகூட இல்லை. ‘ஒரு ஃபங்ஷனுக்கு இவ்வளவு’ என்பதுதான் பேச்சு. அந்த ஃபங்ஷன் எட்டு மணி நேரமா, பதினான்கு மணி நேரமா என்பதை மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேரும் நேரம் தீர்மானிக்கிறது.

இந்த இடத்தில்தான் ஷரீஅத் பேசுகிறது. கூலிக்கு அமர்த்துவது தொடர்பான சட்டங்களுக்கு ஃபிக்ஹு நூல்களில் ‘இஜாரா’ என்று தனி அத்தியாயமே உண்டு. மூஸா (அலை) அவர்களை மத்யன் நகரத்துப் பெரியவர் வேலைக்கு அமர்த்திய வரலாறு சூரத்துல் கஸஸில் வருகிறது (28:26, 27). எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து என்று காலத்தை அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்ற கருத்தையும் அந்தப் பேச்சிலேயே சேர்த்துச் சொன்னார். வேலை என்ன, எவ்வளவு காலம், கூலி எவ்வளவு என்பவை தெளிவாக இருக்க வேண்டும் என்று நம் இமாம்கள் விதித்தார்கள். அவற்றில் ஒன்று தெளிவில்லாமல் போனாலும் ஒப்பந்தம் பழுதாகிறது.

கூலிக்கு உழைப்பவரை ஃபுகஹாக்கள் இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். பலருக்கும் பொதுவாக வேலை எடுத்துச் செய்பவர் ‘அஜீர் முஷ்தரக்’. குறிப்பிட்ட காலத்துக்குத் தன் நேரத்தையே ஒருவரிடம் ஒப்படைப்பவர் ‘அஜீர் காஸ்’. அரபிச் சொல்லாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். திருப்பூர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். ‘ஜாப் ஒர்க்’ யூனிட் வைத்திருப்பவர் முதல் வகை. பத்து கம்பெனிகளின் துணியை வாங்கித் தைத்துக் கொடுப்பார். முடித்துக் கொடுத்தால் கூலி. ஷிப்டுக்கு வருபவர் இரண்டாம் வகை. நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் நமக்கு முஷ்தரக். அவர் அழைத்துவரும் பையன் அவரிடத்தில் காஸ்.

இந்தப் பிரிவினையிலிருந்து வரும் சட்டங்கள் மண்டபத்துக்குள் நேராக நுழைகின்றன. உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்ற சட்டத் தொகுப்பின் 425ஆவது பிரிவு இதைச் சொல்கிறது: அஜீர் காஸ் குறிப்பிட்ட காலத்தில் வேலைக்குத் தயாராக வந்து நின்றுவிட்டாலே கூலிக்கு உரியவராகிறார், உண்மையில் வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை அல்ல. மூன்று மணிக்கு வரச் சொல்லிவிட்டு எட்டரை வரை உட்கார வைத்திருந்தால், அந்த ஐந்தரை மணி நேரத்துக்கும் கூலி உண்டு என்பதே இதன் பொருள். ‘அப்போது சும்மாதானே இருந்தாய்’ என்பது வாதமே ஆகாது. தன் நேரத்தை அவர் நம்மிடம் ஒப்படைத்துவிட்டார். அதை நாம் பயன்படுத்தாமல் விட்டது நம் பாடு.

அடுத்தது, உடைந்த தட்டுக்கும் கண்ணாடிக் கோப்பைக்கும் கூலியில் பிடிக்கும் வழக்கம். பல இடங்களில் இது நடக்கிறது. அஜீர் காஸின் கையில் இருப்பது அமானிதம். வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ சேதப்படுத்தினால்தான் அவர் ஈடு தர வேண்டும். கூட்ட நெரிசலில் கை தவறி விழுந்ததற்கு அவர் பொறுப்பல்ல. ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபுகளிலும் இதுவே முடிவு. முஷ்தரக்கின் பொறுப்பு என்ன என்பதில் இமாம்களுக்கிடையே நீண்ட கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் அது ஏற்பாட்டாளருக்கும் நமக்கும் இடையிலான கணக்கு. அதை அவர் பையன்கள் தலையில் இறக்கிவைக்க முடியாது.

தொழுகை நேரமும் அப்படித்தான். கடமையான தொழுகைக்கும் அதற்கான ஒளுவுக்கும் ஆகும் நேரம் ஒப்பந்தத்திலிருந்து இயல்பாகவே விலக்கப்பட்டது என்றும், அதற்காகக் கூலியைக் குறைக்கக் கூடாது என்றும் ஷாஃபிஈ நூல்களில் தெளிவாக உள்ளது. இதை நம்மவர்களிடமே சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. மேடையில் ஆலிம் குத்பா ஓதிக்கொண்டிருப்பார். பின்கட்டில் பரிமாறும் முஸ்லிம் பையனுக்கு மக்ரிப் போயிருக்கும், இஷாவும் நடு இரவைத் தாண்டிக்கொண்டிருக்கும். இருபது பேரை ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது என்பது நியாயம்தான். ஐந்து ஐந்து பேராக அனுப்பலாம். மண்டபத்தில் ஒரு மூலையில் பாய் விரிக்க இடமில்லாமல் போகாது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பணியாளர் உங்கள் உணவைக் கொண்டுவந்தால் அவரை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். இயலாவிட்டால் அதிலிருந்து ஒரு கவளமோ இரு கவளமோ கொடுங்கள். ஏனெனில் அதன் சூட்டையும் சிரமத்தையும் தாங்கியவர் அவர்தான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது புகாரியில் பதிவாகியுள்ளது. அடுப்பின் சூடு என்பதை அன்றே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நம் வலீமாக்களில் பரிமாறியவர்களுக்குக் கடைசியில் மிஞ்சியது கிடைக்கும். பிரியாணி தீர்ந்திருந்தால் அடிக்கஞ்சியும் தாளிச்சாவும்தான். சிலர் அவர்களுக்கென்று தனியாக மலிவான சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுகிறார்கள். பணக்காரர் அழைக்கப்பட்டு ஏழை விடப்படும் வலீமா விருந்தே மோசமான உணவு என்ற ஹதீஸை நிக்காஹ் பயான்களில் நாம் அடிக்கடி கேட்கிறோம். அழைக்கப்படாத ஏழை எங்கோ வெளியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் கையில் வாளியோடு நம் இலைக்கு முன்னால் நிற்கிறார்.

நாள் முழுக்க நிற்பது பற்றி நாட்டுச் சட்டமே இப்போது பேசுகிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. வரவேற்பில் பன்னீர் தெளிக்க நிற்கும் பெண் பிள்ளைக்கு, பந்திகளுக்கு நடுவிலாவது ஒரு நாற்காலி போட்டால் நம் கௌரவம் குறைந்துவிடாது. மண்டபத்தில் நாற்காலிக்குப் பஞ்சமும் இல்லை.

இனி பணம். இந்தத் தொழிலின் உண்மையான வேதனை இங்கேதான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, மூன்று லட்சத்துக்கு ஒரு வலீமா பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் அட்வான்ஸ். மளிகை, கறி, பூ, வாடகைப் பாத்திரம் என்று அந்த ஒரு லட்சமும் அதற்கு மேலும் முன்கூட்டியே போய்விடும். மீதி விருந்தன்று இரவு என்பது பேச்சு. அன்று இரவு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைக் காட்டுவார்கள். மாப்பிள்ளை வீட்டில் மொய்க் கணக்கு முடியட்டும் என்பார்கள். மறுநாள் மறுவீடு. அடுத்த வாரம், கறி கொஞ்சம் குறைவாக இருந்ததே என்று ஒரு பேச்சு எழும். ஒரு மாதம் கழித்து இருபதாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று முடிப்பார்கள். அந்த இருபதாயிரம் யாரிடமிருந்து போகிறது? பூக்காரருக்கும் கறிக்கடைக்காரருக்கும் ஏற்பாட்டாளர் கொடுத்தே ஆக வேண்டும்; இல்லையென்றால் அடுத்த வாரம் சரக்கு வராது. தள்ளிப்போடக் கூடியவர்கள் பையன்கள் மட்டும்தான். நம் வீட்டில் பிடித்துவைத்த பணம் நேராக அவர்களுடைய கூலியில் போய்க் கழிகிறது.

கறி உண்மையிலேயே குறைந்திருக்கலாம். அப்படியானால் அன்றே, ஆட்கள் எதிரில், அளந்து பேசித் தீர்ப்பது முறை. விருந்தாளிகள் சாப்பிட்டுப் போன பிறகு கடனை அடைக்கும் நேரத்தில் நினைவுக்கு வரும் குறைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒருவரிடம் முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற ஹதீஸ் குத்ஸியும் புகாரியில்தான் இருக்கிறது. வியர்வை உலர்வதற்கு முன் கூலி கொடுக்கும்படி சொல்லும் இப்னு மாஜா அறிவிப்பு எல்லோருக்கும் மனப்பாடம்.

கூலி வாங்காமலே போய்விட்ட பையனின் கணக்கு தனி. வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள், தேர்வுக்கு ஊர் திரும்பிய மாணவர்கள் என்று சிலர் வராமல் போய்விடுவார்கள். ‘கேட்டு வரவில்லை’ என்பதால் அது நம் பணமாகிவிடாது. குகைக்குள் சிக்கிய மூவரின் வரலாற்றில் ஒருவர், கூலி வாங்காமல் போன பணியாளின் பங்கைத் தொழிலில் வளர்த்து, அவர் திரும்பி வந்தபோது முழுவதையும் கொடுத்தார். அந்த நற்செயலை முன்வைத்து அவர் துஆ கேட்டபோது பாறை நகர்ந்தது. நாம் அவ்வளவு செய்ய வேண்டாம். அவருடைய ஜிபே எண்ணுக்கு அனுப்பினால் போதும்.

கம்பெனி விழாக்களில் தொல்லை வேறு மாதிரி. அங்கே பேரம் இருக்காது, காலம்தான் இழுக்கும். பில் கொடுத்த பிறகு கணக்குப் பிரிவுக்கும் முதலாளியின் கையெழுத்துக்குமாக மாதங்கள் ஓடும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூரில் எல்லோரும் ஆர்டரைப் பற்றிப் பேசினார்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது விழாச் செலவும் அதன் பாக்கியும்தான். ஏற்பாட்டாளர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் தள்ளக் கூடாது என்று 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்கள்தான். அந்தக் காலக்கெடுவைத் தாண்டிய பாக்கியை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது என்று 43பி பிரிவில் 2023இல் திருத்தம் வந்தது. எனவே ‘உத்யம் எண் இருக்கிறதா’ என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லும் நிலையில் நம் சகோதரர்கள் இருக்கக் கூடாது. பதிவுக்குக் கட்டணமும் இல்லை. தாமதமான தொகைக்கு வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. அது நமக்கு வேண்டாம். அசலை மட்டும் கேட்டு வாங்குவதில் மார்க்கத் தடை எதுவும் இல்லை.

நிகழ்ச்சி ரத்தானால் அட்வான்ஸ் யாருக்கு என்பது அடிக்கடி வரும் கேள்வி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, பிறகு திருமணத்துக்கு 50 பேர்தான் என்று ஆனபோது இதற்காக உறவுகளே முறிந்தன. மத்ரஸாக்களில் நாம் ஓதும் ஹிதாயாவில் ஒரு மஸ்அலா வருகிறது. வலீமா விருந்து சமைக்க ஒருவரைக் கூலிக்குப் பேசிய பிறகு மணப்பெண் குல்உ பெற்றுப் பிரிந்துவிட்டால், அந்த இஜாரா முறிந்துவிடும் என்கிறார் இமாம் மர்கீனானி. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டரிங் ரத்தாகியிருக்கிறது! ஹனஃபி மத்ஹபில் இப்படியான காரணங்களுக்காக ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வளவு எளிதல்ல. வேலையே நடக்காத நிலையில் அட்வான்ஸ் முழுவதையும் வைத்துக்கொள்வதை மூன்று மத்ஹபுகள் ஏற்கவில்லை. இமாம் அஹ்மத் (ரஹ்) அனுமதித்தார்கள். 1993இல் புரூனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, காலக்கெடு குறிப்பிடப்பட்டிருந்தால் அனுமதிக்கலாம் என்று முடிவு செய்தது. எந்தக் கருத்தை எடுத்தாலும், அதற்குள் வாங்கிவிட்ட பூவுக்கும் மளிகைக்கும் ஏற்பாட்டாளர் நஷ்டப்படக் கூடாது. எந்தத் தேதிவரை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிவிட்டால் முஃப்தியிடம் வர வேண்டிய தேவையே இருக்காது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்லவா.

இந்தத் துறையில் வேலைக்குச் சேரும் நம் இளைஞர்களுக்கு வேறொரு சோதனையும் உண்டு. 2023இல் தமிழ்நாடு அரசு, மாநாட்டு அரங்குகள் போன்ற இடங்களில் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்று விதியைத் திருத்தியது. திருமண மண்டபங்களும் அதில் இருந்தன. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அவை நீக்கப்பட்டன. வணிக மாநாடுகளுக்கான வழி அந்தத் திருத்தத்தில் திறந்தே விடப்பட்டது. வெளிநாட்டு பையர்களுக்கான விருந்தில் மதுக் கோப்பையைச் சுமந்து செல்லும்படி ஒரு முஸ்லிம் பையனிடம் சொல்லப்படலாம். மதுவோடு தொடர்புடைய பத்துப் பேர் சபிக்கப்பட்ட ஹதீஸில் (திர்மிதி) சுமப்பவரும் ஊற்றிக் கொடுப்பவரும் அடக்கம். அந்த இடத்தில், அந்த நேரத்தில் மறுப்பது கடினம். வேலைக்குச் சேரும் நாளிலேயே ‘அந்தப் பகுதிக்கு என்னைப் போடாதீர்கள்’ என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலான மேலாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மெஹந்தி, மணமகள் அலங்காரம், பெண்கள் பகுதி ஏற்பாடு என்று போகும் நம் பெண் பிள்ளைகளுக்குத் திரும்பும் வாகனம் முன்பே பேசப்பட்டிருக்க வேண்டும். நள்ளிரவில் ஆட்டோ தேட விடுவது அவர்களை அமர்த்திய நம்முடைய பொறுப்பின்மை. பணியிடத்தில் யாராவது தவறாக நடந்தால், முதலாளியிடம் பத்துப் பேருக்குக் குறைவாகவே வேலை செய்தாலும், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். இதைத் தாய்மார்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பதினான்கு வயது நிறையாத பிள்ளைகளை இந்த வேலைகளுக்கு அனுப்புவதும் அமர்த்துவதும் சட்டப்படி குற்றம். ‘படிக்கிற பையன், செலவுக்கு ஆகும்’ என்று கொதிக்கும் தேக்சாவுக்குப் பக்கத்தில் அவர்களை நிறுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தொடர்ந்து இந்த வேலையைப் பார்ப்பவர்கள் ஈ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்யலாம்; 16 முதல் 59 வயதுவரை உள்ள அமைப்புசாரா தொழிலாளர்களுக்கானது அது. தமிழ்நாட்டின் அமைப்புசாரா தொழிலாளர் நலவாரியங்களில் 18 வயது முதல் 60 வயதுவரை உறுப்பினராகலாம். பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து, இயற்கை மரணம் ஆகியவற்றுக்கு அங்கே உதவித்தொகை உண்டு. ஆதாரும் ரேஷன் கார்டும் வங்கிக் கணக்குப் புத்தகமும் எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போனால் எந்த வாரியத்தில் சேர்வது என்பதைச் சொல்வார்கள். ஞாயிறு மட்டும் போகிறேன், எனக்கெதற்கு என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். அடுப்பும் மின்சார வயரும் ஞாயிற்றுக்கிழமை என்று பார்ப்பதில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு யோசனை. நிக்காஹ் பதிவுக்கு வரும் குடும்பத்திடம் மஹர் எவ்வளவு, சாட்சிகள் யார், வலி யார் என்று கேட்டு எழுதுகிறோம். அந்தப் படிவத்தின் அடியில் இரண்டு வரிகள் சேர்க்கலாம்: விருந்து ஏற்பாட்டாளருக்கு மீதித் தொகை என்று, யார் கையால் கொடுக்கப்படும், பணியாளர்களுக்குச் சாப்பாடும் தொழுகை இடமும் சொல்லப்பட்டிருக்கிறதா. பதில் எதுவானாலும் நிக்காஹ் நடக்கும். கேட்கப்பட்டது என்பதற்காகவே பல வீடுகளில் அன்று இரவே ஒரு கவர் தயாராகிவிடும்.